34 வயசுதானே, அதற்குள் மாரடைப்பா?

வயதுக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு ஏகப்பட்ட கடிதங்கள். அதனால் இந்த முறை தைராய்டு, முதுகுவலி, முடி கொட்டுவது எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு 34 வயது, ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். எனக்கு எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 168, பிபி 138/88, நாளைக்கு ஆறேழு சிகரெட். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கம்ப்யூட்டரில் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "பத்து வருஷ ரிஸ்க் ரொம்பக் கம்மி, 40 தாண்டட்டும் பார்த்துக்கலாம்" என்கிறார். என் மனைவி நம்ப மாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி, டாக்டர்? (ஒரு வாசகர், கரூர்)

உங்கள் மனைவி சொல்வதுதான்.

அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லவில்லை. அது எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. இந்த மாதிரிக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர். 1948இல் அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேரைச் சேர்த்து வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவர்களிடம் முன்கூட்டியே என்ன இருந்தது என்று பார்த்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட் என்று நாம் இன்று தினமும் பேசுகிற பட்டியல் அங்கிருந்து வந்ததுதான். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும்விட வயது என்ற ஒன்று கணக்கைத் தூக்கி அடித்துவிடும். 65 வயதுக்காரர் ஒருவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாவிட்டாலும் ரிஸ்க் கணிசமாகக் காட்டும், 34 வயதுக்காரருக்கு எல்லாமே கோளாறாக இருந்தாலும் குறைவாகத்தான் காட்டும். ஏனென்றால் கேட்கிற கேள்வி "அடுத்த பத்து வருஷத்தில் வருமா?" என்பது. உங்களுக்கு 44 வயதுக்குள் வராமல் போகலாம், சரி. 47இல் வந்தால்? அந்தக் கணக்கின்படி அது சரியான விடைதான். உங்கள் வீட்டுக்கு அது எப்படிப்பட்ட விடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2013இல் வந்த கணக்கும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையும் சரி, 40 வயதில் இருந்துதான் ஆரம்பிக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவர்களை அவை கணக்கில் எடுக்கவே இல்லை. அதைப் பலரும் "40க்குக் கீழே ஒன்றும் வராது" என்று படித்துக்கொள்கிறார்கள், அங்கேதான் வினை.

வயது ஏன் இவ்வளவு பெரிய எண்ணாக நிற்கிறது என்று யோசித்தால் விஷயம் விளங்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் கொழுப்புப் படிவது ஒரு நாளில் நடப்பதில்லை. 1953இல், கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு மேல் ரத்தக் குழாயில் ஏதோ ஓர் அளவுக்குப் படிவு ஆரம்பித்திருந்தது. இருபத்திரண்டு வயது, ராணுவ உடம்பு! ஆக, ஐம்பதில் வருகிற மாரடைப்புக்கு இருபதிலேயே அஸ்திவாரம் விழுந்துவிடுகிறது. வயது என்று நாம் எழுதுகிற எண்ணுக்குள் பெரும்பகுதி, அந்தக் குழாய் எத்தனை வருஷமாக அடி வாங்கியிருக்கிறது என்ற கணக்குதான் ஒளிந்திருக்கிறது.

உங்களுக்கே ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிறந்ததில் இருந்து எல்டிஎல் 168 ஆகவே இருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 168ஐ 34ஆல் பெருக்க 5,712 வருகிறது. எல்டிஎல் 100 உள்ள ஒருவர் இந்த எண்ணைத் தொட 57 வயது ஆக வேண்டும். அதாவது கொழுப்புக் கணக்கில் மட்டும் பார்த்தால் உங்கள் குழாய்க்கு 57 நடக்கிறது; சிகரெட்டையும் பிபியையும் இன்னும் சேர்க்கவே இல்லை. நிஜத்தில் சின்ன வயதில் உங்கள் அளவு இதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும், அதனால் இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போக்கு இதுதான். தலைகீழாகவும் இது நிரூபணம் ஆகியிருக்கிறது. பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றத்தால் எல்டிஎல் குறைவாக இருக்கும் சிலரை அமெரிக்காவில் கண்டுபிடித்து, 2006இல் ஆய்வு வெளியிட்டார்கள். கறுப்பினத்தவரில் அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு, இதய நோயோ 88 சதவீதம் குறைவாக இருந்தது. காரணம், அந்தக் குறைவு பிறந்த நாளில் இருந்தே அவர்களோடு இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் மாத்திரை போட்டு அதே 28 சதவீதத்தைக் குறைத்தால் இவ்வளவு லாபம் கிடைப்பதில்லை.

அப்புறம் சிகரெட். "ஆறேழுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் தெற்கு யார்க்‌ஷைர் பகுதியில் பெரிய மாரடைப்போடு வந்தவர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. 50 வயதுக்குக் கீழ் புகைப்பவர்களுக்கு, அதே வயதில் புகைக்காதவர்களைவிட எட்டு மடங்குக்கு மேல் ஆபத்து. 50க்கும் 65க்கும் இடையில் ஐந்து மடங்கு. 65க்கு மேல் மூன்று மடங்கு. கவனியுங்கள், வயது ஏற ஏற மடங்கு குறைகிறது. வயதானவர்களுக்கு சிகரெட் ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம் இல்லை. புகைக்காத கிழவருக்கும் மற்ற காரணங்களால் வர ஆரம்பித்துவிடுவதால் வித்தியாசம் சிறிதாகத் தெரிகிறது. இளம் வயதில் வருகிற மாரடைப்பில்தான் சிகரெட் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்று, நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பதும் இதில் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வில், இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம் ஆகிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்குக் கிட்டத்தட்ட 59 என்று வந்தது. ஆறு வருஷம் முந்திக்கொள்கிறோம். உடனே "நம்ம ஜீன் அப்படி சார்" என்று கையை விரித்துவிடுவார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: நமக்கு சுகர், கெட்ட கொழுப்பு, தொப்பை எல்லாம் இளம் வயதிலேயே வந்துவிடுகின்றன, அதைக் கணக்கில் சேர்த்தால் இந்த ஆறு வருஷ வித்தியாசத்தின் பெரும்பகுதிக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

சரி, என்ன செய்ய? சிகரெட்டை நிறுத்துங்கள், குறைப்பது என்ற பேச்சே வேண்டாம். பிரிட்டன் டாக்டர்களை 50 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வின்படி 30 வயதில் நிறுத்தினால் ஆயுளில் 10 வருஷம், 40இல் நிறுத்தினால் 9, 50இல் 6, 60இல் 3 வருஷம் திரும்பக் கிடைக்கிறது. உங்களுக்குக் கிட்டத்தட்ட முழுசாகவே கிடைக்கும். பிபியை வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து பார்த்து எழுதிவையுங்கள், 138/88 என்பது ஒரு நாள் கதையா, தினசரிக் கதையா என்று தெரியட்டும். மூன்று மாத சராசரி சுகர், தைராய்டு (அது குறைவாக இருந்தாலும் எல்டிஎல் ஏறும்), அப்புறம் லைப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புக்கு ஒரு டெஸ்ட், இவற்றையும் பார்த்துவிடுங்கள். இந்தக் கடைசி ஒன்று பெரும்பாலும் பிறவியில் தீர்மானமாவது, வாழ்க்கையில் ஒரு தடவை பார்த்தால் போதும். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்னால், அல்லது அம்மாவுக்கு 65க்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்துபாருங்கள், நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. இரண்டு, மூன்று மாதம் சாப்பாடு, நடை எல்லாம் ஒழுங்குபடுத்தியும் எல்டிஎல் இறங்கவில்லை என்றால், உங்கள் அப்பாவின் கதையைச் சொல்லி மாத்திரை பற்றி ஒரு இதய டாக்டரிடம் பேசுங்கள். நாற்பது ஆகட்டும் என்று காத்திருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

என் தாத்தா 88 வயது வரை பீடி குடித்தார், கறி சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. இதற்கு உங்கள் விளக்கம் என்ன? (ஒரு வாசகர், தேனி)

தாத்தா கொடுத்துவைத்தவர். அவரோடு சேர்ந்து பீடி பிடித்த சேக்காளிகள் எத்தனை பேர், எந்தெந்த வயதில் போனார்கள் என்று ஊரில் விசாரித்து எழுதுங்கள், அப்புறம் பேசுவோம். தாத்தா ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொலிவியாவில் காட்டை ஒட்டி வாழும் சிமானே என்ற பழங்குடி மக்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2017இல் எழுதியிருந்தார்கள். நாள் முழுக்க வேட்டை, மீன்பிடி, விவசாயம் என்று அலைகிற ஜனம், புகைப்பது மிகக் குறைவு. நாற்பது வயது தாண்டியவர்களில் 85 சதவீதம் பேருக்கு இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவே இல்லை, 80 வயது சிமானேயின் குழாய் ஐம்பதுகளில் இருக்கும் அமெரிக்கரின் குழாய் மாதிரி இருந்தது. வயது ஆவதற்கும் குழாய் கெடுவதற்கும் இடையில் இவ்வளவு இடைவெளி இருக்க முடியும்.

எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. மாரடைப்பு ஆம்பளைகளுக்குத்தானே அதிகம் என்று நினைத்திருந்தேன், ஆனால் என் அக்காவுக்கு (56) போன மாதம் வந்துவிட்டது. எனக்கு இரண்டாவது பிரசவத்தின்போது பிபி ஏறி, மாதம் நிறைவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. (ஒரு வாசகி, மதுரை)

பிரசவத்தை நீங்களாகவே எழுதியதற்கு நன்றி அம்மா, பாதிப் பேர் கேட்டால்கூடச் சொல்வதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கும் இப்போது இதயத்துக்கும் என்ன என்று தோன்றும். கர்ப்ப காலத்தில் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போய், அவசரமாகப் பிரசவம் பார்க்க வேண்டி வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கர்ப்ப காலத்தில் சுகர் வந்தவர்களும் இந்த வரிசையில்தான். டாக்டரிடம் போகும்போது இதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு மாரடைப்பு வருவதில்லை என்பது பொய், தாமதமாக வருகிறது என்பது நிஜம். நான் மேலே சொன்ன இன்டர்ஹார்ட் ஆய்விலேயே பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக 9 வருஷம் கழித்து வந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும் வரை ஓரளவு பாதுகாப்பு. அது நின்றபின் எல்டிஎல் ஏறும், தொப்பை போடும், பிபி மெதுவாகத் தலைகாட்டும். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுவதால் அந்தச் சலுகைக் காலமும் நமக்குச் சுருக்கம். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் நாற்பதுக்கு முன்பே எடுத்தவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகவே முடிந்துவிடுகிறது. சுகர் வந்துவிட்டால் பெண் என்ற சலுகை பெருமளவு போய்விடும். அதற்காக ஹார்மோன் மாத்திரை போட்டு இதயத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2002இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் செய்து பார்த்து, பலன் இல்லை என்று தெரிந்துபோன சமாசாரம் அது. வெக்கை, வியர்வை தாங்க முடியாமல் கொடுப்பது வேறு விஷயம்.

அக்காவுக்கு 56இல் வந்திருப்பது உங்கள் கணக்கில் சேரும், அக்கா தங்கை என்றால் 65க்குக் கீழே வந்ததை எல்லாம் குடும்ப வரலாறாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். தொந்தரவு இல்லை என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மூன்றும் வலிக்காது.

ஜிம்முக்குப் போய் உடம்பைக் கட்டாக வைத்திருந்த நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் போய்விட்டார். இப்போது தினம் ஒரு இளைஞர் மயங்கி விழுவதாக வாட்ஸ்அப்பில் வருகிறது. கோவிட் தடுப்பூசிதான் காரணமா? நான் (27) ஜிம்மை விட்டுவிடலாமா? (ஒரு வாசகர், கோவை)

வேண்டாம், ஜிம்மை விடாதீர்கள். வாட்ஸ்அப்பை வேண்டுமானால் விடலாம்.

இந்தியாவில் 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்களை எடுத்துக்கொண்டு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஓர் ஆய்வு செய்தது, 2023இல் வெளியானது. தடுப்பூசியால் ஆபத்து கூடியதாக அதில் தெரியவில்லை. வேறு சில விஷயங்கள் தெரிந்தன: கோவிட் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென இறந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் வழக்கத்துக்கு மேல் உடம்பை வருத்தியது. கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி மூக்குமுட்டக் குடித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் அதற்குப் பரிகாரமாக இரண்டு மணி நேரம் வெயிட் தூக்குகிற பழக்கம் எந்த வயதிலும் ஆகாது.

இன்னொரு விஷயமும் உங்கள் வயதுக்குத் தேவை. ஏறக்குறைய 35 வயதுக்கு மேல் விளையாடும்போது விழுந்தால் பெரும்பாலும் ரத்தக் குழாய் அடைப்புதான். அதற்குக் கீழே என்றால் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பது, குழாய் இடம் மாறி முளைத்திருப்பது, இதயத்தின் மின்னோட்டக் கோளாறு போன்றவை அதிகம் பங்கு வகிக்கின்றன. அதனால் உங்கள் வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால், அல்லது ஓடும்போது உங்களுக்கே மயக்கம் வந்திருந்தால், ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிட்டு ஜிம்முக்குப் போங்கள். ஊக்க மருந்து ஊசி எதுவும் வேண்டாம், மாஸ்டர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும்.

என் அப்பாவுக்கு 78 வயது, 20 வருஷமாக சுகர். பிபி மேல் அளவு 160, கீழ் அளவு 70. "வயதோடு 100ஐக் கூட்டிக்கோ, 178 வரை நார்மல்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. அவரே "இதயத்துக்கு நல்லது" என்று 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் தினம் போடச் சொல்லியிருக்கிறார், அப்பாவும் போடுகிறார். (ஒரு வாசகி, நாகர்கோவில்)

மாமா சொல்வது இரண்டுமே ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான், அதனால் அவரைத் திட்டாதீர்கள். ஆனால் இரண்டும் காலாவதி ஆகிவிட்டன.

வயதாக ஆக பெரிய ரத்தக் குழாய் விறைத்துப்போகிறது. இதயம் அழுத்தும்போது அது விரிந்துகொடுப்பதில்லை, மேல் அளவு ஏறுகிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கவும் அதனால் முடிவதில்லை, கீழ் அளவு இறங்குகிறது. கீழ் அளவு ஐம்பது வயது வரை ஏறி அப்புறம் தானாகவே குறைய ஆரம்பிக்கும். 160/70ஐப் பார்த்து "கீழே நல்லாத்தானே இருக்கு" என்று ஆறுதல் அடைவது தவறு, இரண்டுக்கும் இடையில் உள்ள 90 என்ற அந்த இடைவெளிதான் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று காட்டுகிறது. 80 வயது தாண்டியவர்களுக்கு மாத்திரை கொடுத்து 150/80ஐக் குறியாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வந்தது. இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது, எல்லாக் காரணங்களையும் சேர்த்த மொத்த இறப்பும் 21 சதவீதம் குறைந்தது. ஆக "இந்த வயசில் எதற்கு மாத்திரை" என்பதும் எடுபடாது. மெதுவாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிஷம் கழித்து ஒரு தடவை, மூன்றாவது நிமிஷம் ஒரு தடவை என்று பிபி பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் அவர் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவார், டாக்டர் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆஸ்பிரினுக்கு வருவோம். அப்பாவுக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்து, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் என்று ஏதாவது நடந்திருந்தால் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள். அப்படி எதுவும் நடக்காமல், சும்மா முன்னெச்சரிக்கையாகப் போடுகிறார் என்றால் டாக்டரைக் கேட்டு நிறுத்துவது நல்லது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயது தாண்டிய 19,114 பேரிடம் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை, ரத்தக் கசிவு கூடியது. வயிற்றில் ரத்தம் கசிந்து, கறுப்பாக மலம் போய், பத்து நாள் கழித்து மூச்சு வாங்குகிறது என்று வருகிற பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று. 20 வருஷ சுகர், 78 வயது. இவருக்கு மாரடைப்பு வந்தால் சினிமாவில் வருவது மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய மாட்டார். திடீர் மூச்சுத் திணறல், சட்டை நனைகிற வியர்வை, காரணம் இல்லாத அசதி, வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் என்றுதான் வரலாம். ஓம வாட்டர், சோடா, இஞ்சிச் சாறு என்று அரை நாளை ஓட்டாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் போதும், "இதயம் காப்போம்" திட்டத்தில் முதல் வேளைக்கான மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஈசிஜி, டிரெட்மில் எல்லாம் நார்மல். எனக்கு 45. இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கவலை இல்லை? (ஒரு வாசகர், சென்னை)

ஒரு வருஷத்துக்குக்கூட உத்தரவாதம் தர முடியாது. டிரெட்மில்லில் பிடிபடுவது குழாயை நன்றாக அடைத்து நிற்கிற அடைப்பு. மாரடைப்பில் பலவும், பாதிகூட அடைக்காத சின்னப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. ஈசிஜி நார்மல் என்றால் அதை எடுத்த அந்த நேரத்துக்கு நார்மல். நீங்கள் எழுதாமல் விட்டது பிபி, எல்டிஎல், சுகர், சிகரெட், அப்பா அம்மா கதை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைவிட அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

என் மகனுக்கு 11 வயது, கொஞ்சம் பூசினாற்போல இருப்பான். அவனுக்கு இப்போதே கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டுமா? கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள். (ஒரு வாசகி, திருநெல்வேலி)

நான் சிரிக்க மாட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 9 முதல் 11 வயதுக்குள் எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் எல்லாருக்கும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் வீட்டில் காரணம் இருந்தால் பார்த்துவிட வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக இருக்கும் குறை உண்டு, ஒல்லிக் குழந்தைக்கும் இருக்கலாம், பூசினாற்போல இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. அதனால் அவன் கையில் ஊசி குத்துவதற்கு முன்னால், உங்கள் எல்டிஎல், உங்கள் கணவரின் எல்டிஎல், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளுக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் இருவரில் ஒருவருக்கு 190ஐத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் பையனை நேராக லேபுக்குக் கூட்டிப்போங்கள்.